காரமில்லாத கடுகு

போன வாரம் பதவி உயர்வுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். வெளிவந்த கட்டுரைகள், இதழின் தரத்துக்கு தேசிய வேளாண் அறிவியல் அகாடமி தரும் நாஸ் மதிப்பெண், நம் கட்டுரையைப் பிற கட்டுரைகள் சுட்டிய மேற்கோள்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது. என் முனைவர் பட்ட ஆய்வுக் கட்டுரைக்கு இதுவரை ஒன்பது மேற்கோள்கள். நான்கு நானே போட்டுக்கொண்டவை. மூன்று என் வழிகாட்டி ஐயா போட்டவை. மீதி இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அப்பா சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வந்து, ஊட்டியை அடுத்த நஞ்சநாடு பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து உருளைக்கிழங்கு போட்டவர். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று கிழங்குப் பருவங்களாகத்தான் எங்கள் வீட்டில் வருடம் ஓடும். மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டை என்ன விலைக்குப் போனது என்பதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பள்ளிக்கூட ஷூ. காட்டில் அங்கங்கே வட்டமாகச் செடிகள் மஞ்சளடித்துக் குட்டையாக நிற்கும். அப்பா அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கூடை சாணி போடுவார். செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்திருந்தால், குண்டூசித் தலையளவு மஞ்சள் மணிகள் ஒட்டியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். அது உருளைக்கிழங்கு நூற்புழு. இந்தியாவில் முதன்முதலாக 1961-ல், ஊட்டி விஜயநகரத்து வயலொன்றில் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கண்டுபிடித்தது. பெண் புழு முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும். அதன் தோல் இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள். பக்கத்தில் கிழங்கு வேர் வந்து அதன் கசிவு படும்வரை இருபது வருடம்கூட அப்படியே காத்துக் கிடக்கும். அப்பாவின் சாணி அதை ஒன்றும் செய்திருக்காது.

என் ஆய்வு கடுகைப் பற்றியது. கடுகுச் செடி பூக்கும் சமயத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, சூட்டோடு சூடாக மண்ணில் மடக்கி உழுது தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நறுக்கும்போது மூக்கில் ஏறுகிறதே ஒரு காரம், அந்த ஐசோதயோசயனேட் புழுவைக் கொல்லும் என்பது கணக்கு. வெளிநாட்டுக் கட்டுரைகளில் நன்றாகவே கொன்றிருந்தது.

நான் கடைபோகக் கிழங்கை எடுத்த கையோடு கடுகு விதைத்து, ஜனவரியில் மடக்கி உழுதேன். தலைக்குந்தா புல்வெளி விடிகாலையில் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் மாதம். அப்புறம் எண்ணும் வேலை. காய்ந்த மண்ணை ஃபென்விக் கேனில் போட்டுத் தண்ணீர் விட்டால், கனமான மண் அடியில் தங்கிவிடும், கூடுகள் மிதந்து வழிந்து சல்லடைக்கு வரும். அதை வடிதாளில் கொட்டி, நுண்ணோக்கியின் கீழே, ஈரத்தோடு, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். வேர்த்துணுக்கு எது, களை விதை எது, கூடு எது என்று பிரித்தறிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஊசியால் லேசாக அழுத்தினால் கூடு உடைந்து முட்டைகள் பிதுங்கும். மூன்று வருடம் எண்ணினேன். கடுகு போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

களை வெட்ட வரும் அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இதுக்கு அந்தக் கடுகைத் தாளிச்சாவது தின்னிருக்கலாமல்லோ" என்றார். சரிதான்.

கட்டுரையை முதல் இதழ் நான்கே நாளில் திருப்பியது: உள்ளூர் விஷயமாம். இரண்டாவது இதழின் மதிப்பீட்டாளர், எதிர்மறை முடிவென்றால் செய்முறையில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று எழுதினார். மூன்றாவது இதழ் ஒரே ஒரு கேள்வி கேட்டது: மண் வெப்பநிலை எங்கே? குளிர்ந்த மண்ணில் அந்தக் காரம் சரியாக வேலை செய்யாமல் போகலாமே?

இந்தக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. நியாயமான கேள்வி என்பதால். முதல் வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் வருடம் வெப்பமானி புதைத்தேன். காட்டுப்பன்றி வந்து இரண்டு பாத்திகளை அடியோடு கிளறியதில் அதுவும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வருடத்து அளவு மட்டும் கையில் இருந்தது. 'பன்றி கிளறிவிட்டது' என்பதை ஆய்விதழுக்கான மொழியில் எப்படி எழுதுவது என்று ஐயாவும் நானும் ஒரு மாலை முழுக்க யோசித்தோம்.

இடையில் கோயம்புத்தூரில் ஒரு நேர்காணல். குழுவில் ஒருவர், "புழுவும் சாகவில்லை. அப்புறம் என்னதாம்மா கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். குளிர் மண்ணில் கடுகுக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்று விவசாயியிடம் சொல்லலாமே என்ற பதில், திரும்பி வரும்போது பர்லியார் தாண்டி பஸ் வளைவில் திரும்பிய நேரத்தில்தான் வந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. என்னைவிட நான்கு வருடம் இளையவர், கெட்டிக்காரர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் உண்டு.

2016-ல் யாரும் அதிகம் படிக்காத சிறிய இதழ் ஒன்று கட்டுரையைப் போட்டது. மூன்று வருடம் கழித்து, சேரிங் கிராஸில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கூகுள் ஸ்காலரிலிருந்து மின்னஞ்சல். வெளிநாட்டிலிருந்து ஒரு மேற்கோள்! அங்கேயே நின்று தரவிறக்கினேன். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் பெரிய திறனாய்வுக் கட்டுரை, இருநூறுக்கும் மேல் மேற்கோள்கள். என் பெயரைத் தேடிப் பிடித்தேன். கடுகு பசுந்தாள் உரம் நூற்புழுவைக் கட்டுப்படுத்துவது 'மலைப்பகுதிகளிலும் உறுதி செய்யப்பட்டுள்ளது' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் என் பெயர், 2016.

தலைப்பை மட்டும் படித்திருக்கிறார்கள். ஐயாவிடம் சொன்னேன். "விடும்மா, மேற்கோள் மேற்கோள்தான்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. கட்டுரையாசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கவனப்பிழையாம், மன்னிக்க வேண்டுமாம். கூடவே, அவர் ஆசிரியராக இருக்கும் இதழுக்கு வந்த ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று ஒரு வேண்டுகோள். முதல் தடவையாக என்னை ஒருவர் நிபுணராக மதித்துக் கேட்கிறார்! அச்சிட்ட பிழை இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. மேற்கோள் கட்டத்தில் ஒன்பது என்றே எழுதினேன்.

மதிப்பிட வந்ததும் கடுகுதான், வேறொரு நாட்டின் மலையில். அழகான வரைபடங்கள், சுத்தமான புள்ளியியல். மூன்று முறை படித்தேன். பிறகு முதல் குறிப்பாக, 'மண் வெப்பநிலை எங்கே?' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகுதான் தோன்றியது, அங்கேயும் காட்டுப்பன்றி இருக்குமோ என்று.