வட்கலில் நிற்காமல் அலிபாக் போய்வர

ஞாயிறு சாயங்காலம் அலிபாக்கிலிருந்து மும்பை திரும்பும் வழியில், வட்கல் நாக்கா என்ற சாலைச் சந்திப்பில் நகராத பஸ்ஸில் உட்கார்ந்திருந்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மும்பையில் தாராவி, மாட்டுங்கா, சயான் பக்கமிருந்து கடற்கரை ஊரான அலிபாக் கிளம்புகிறவர்கள் போகவும் வரவும் கடல் வழியையே பிடியுங்கள். ரோடு என்றால் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கத்துப் படகுத்துறையான மாண்ட்வாவுக்குப் படகில் சுமார் ஒரு மணி நேரம்.

கேட்வே போவது இப்போது சுலபம். தாராவி மெட்ரோவில் ஏறி ஹுதாத்மா சௌக்கில் இறங்கினால் பதினைந்து இருபது நிமிட நடை. இந்த மெட்ரோ ஓடும் அக்வா லைன் 2025 அக்டோபரில்தான் கஃப் பரேடு வரை முழுசாகத் திறந்தது. காசு பார்க்கிறவர்களுக்கு லோக்கல் ரயில் இருக்கிறது, 5 ரூபாயிலிருந்து டிக்கெட். கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டியில் இறங்கி ஷேர் டாக்சி பிடிக்கலாம்.

கேட்வே கவுண்டரில் வாங்கும் படகு டிக்கெட்டில் மாண்ட்வாவிலிருந்து அலிபாக் வரைக்குமான பஸ்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படகு ஏறியதும் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பஸ்ஸில் கேட்பார்கள். மாண்ட்வா ஜெட்டி நீளமானது. கடல்காகத்துக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டு கடைசியாக இறங்கினால் பஸ்ஸில் சீட் இருக்காது, சில நேரம் பஸ்ஸே இருக்காது. அப்புறம் பதினெட்டு இருபது கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. மீட்டர் என்ற சொல்லே அங்கே செல்லாது. சோண்டி நாக்கா வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து இன்னொன்று என்று போனால் பாதிக்கும் கீழே முடியும்.

திரும்பும்போது தவறு வேறு மாதிரி நடக்கும். நீங்கள் மனதில் வைத்திருப்பது படகு நேரம். அலிபாக்கிலிருந்து பஸ் அதற்கு வெகு முன்னாடியே கிளம்பிவிடும். போய் இறங்கியதுமே பஸ் நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை கேட்வே படகுகள் ஓடாது. மழைக்காலத்தில் ரோரோ கப்பல்தான் கதி, அதுவும் கடல் ஒத்துழைத்தால். 2020 மார்ச்சிலிருந்து மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு ஓடுகிறது. அங்கே போக ஹார்பர் லைன் லோக்கலில் டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். காரையும் பைக்கையும் ஏற்றிக்கொள்ளலாம். பைக் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கும் 21.8 கிலோமீட்டர் அடல் சேது பாலத்தில் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதி கிடையாது. காருக்கு அந்தப் பாலத்தில் 2024 ஜனவரியில் வைத்த டோல் ஒரு வழிக்கு 250 ரூபாய். பாலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் வட்கல் வாங்கிக்கொள்ளும்.

வட்கலில் ஏன் அப்படி நிற்கிறது? கோவா ஹைவேயிலிருந்து அலிபாக் ரோடு பிரிகிற இடம் அது. டோல்வி இரும்பாலை லாரிகளும் அங்கேயேதான் புகுந்து புறப்படுகின்றன. அதற்கப்புறம் வரும் ரோடும் குறுகல். ஞாயிறு சாயங்காலம் மொத்த அலிபாக்கும் மும்பை திரும்பும்.

ஆனாலும் மகாராஷ்டிர அரசின் சிவப்பு எஸ்டி பஸ்ஸை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2023 மார்ச்சிலிருந்து பெண்களுக்குப் பாதி டிக்கெட். 75 தாண்டியவர்களுக்கு இலவசம், ஆதாரை மறக்காதீர்கள். அம்மா, பாட்டி, அக்கா என்று கிளம்பும் குடும்பத்துக்கு இதைவிட மலிவு கிடையாது. சனிக்கிழமை விடியற்காலை போய்த் திங்கள் திரும்புங்கள், அவ்வளவுதான்.

அலிபாக்குக்குப் பயணிகள் ரயில் இல்லை. கிட்டத்து ஸ்டேஷன் பேண், அங்கிருந்தும் பஸ்தான்.

ஊரிலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. டிக்கெட்டில் பி.ஓ.எம். என்றால் அந்தேரிப் பக்கத்துப் பழைய ஏர்போர்ட், என்.எம்.ஐ. என்றால் நவி மும்பை. அலிபாக் போகத்தான் வருகிறார்கள் என்றால் நவி மும்பையே மேல். மும்பைக்குள் நுழையாமல் பன்வேல் போய் எஸ்டி பிடிக்கலாம். பழைய ஏர்போர்ட்டில் இறங்கினால் அக்வா லைனிலேயே கேட்வே பக்கம் வந்துவிடலாம்.

பன்வேலிலிருந்து ஹார்பர் லோக்கலில் வீடு திரும்ப நினைத்தால் ஞாயிறு மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது) உண்டா என்று சனிக்கிழமையே பாருங்கள். இருந்தால் நடுப்பகலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பயனில்லை.