அந்தத் தொப்பியெல்லாம் எங்கே போச்சு?

2011 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? டெல்லியில் சமூக ஆர்வலர் அண்ணா ஹசாரே 12 நாள் உண்ணாவிரதம். தலைக்குத் தலை வெள்ளைத் தொப்பி, மிஸ்டு கால் கொடுத்தே புரட்சி. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு வந்தால் லஞ்சம் ஒழிந்துவிடும் என்று டீக்கடையில்கூட அடித்துச் சொன்னார்கள்.

சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் தலைவரைப் போட்டது 2019 மார்ச்சில்! நடுவே, 2018இல் அதே டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஹசாரே மறுபடி உட்கார்ந்தார். பழைய கூட்டம் வரவில்லை. தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா (மாநிலத்துக்கான லோக்பால்) சட்டம் நிறைவேறியதும் அந்த வருஷம்தான். எத்தனை பேர் கவனித்தோம்?

போன வாரம் பட்டா மாற்ற வரிசையில் நின்றபோது பக்கத்திலிருந்த பெரியவர், "ஏதாவது பார்த்துக் கொடுத்துடுங்க தம்பி, எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார். வாங்குகிறவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்து தப்பிக்கலாம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்புறம் அடுத்த சர்டிபிகேட்டுக்கும் இதே ஆளிடம்தானே வரணும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். சட்டத்தில் தேடினேன், இதற்குப் பிரிவு எதுவும் கிடைக்கவில்லை.