இடப்பக்கப் பெடல்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) பழைய சாமான் வாங்கும் ‘பேப்பர் லாமா’ லோரி வரும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுவேன். போன மாதம் அந்த லோரியில் பழைய பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு 16 இஞ்ச் சைக்கிள் கிடந்தது. பிரேமில் ஒரு வளைவுகூட இல்லை. செயின் துருப்பிடித்திருந்தது, டயரில் காற்று இல்லை, அவ்வளவுதான். பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இறக்கிக்கொண்டேன்.

12 இஞ்ச், 16, 20 என்று பிள்ளை வளர வளர மாற்றிக்கொண்டே போகிறோம். ஒரு சைக்கிள் ஒரு பிள்ளையிடம் இரண்டு வருஷம் ஓடினால் பெரிசு. அதற்குள் இரும்பு தேய்ந்துவிடாது. வெளியே மழையில் போட்டுவைப்பதால்தான் பாதி கெடுகிறது.

செம்பனை ஆலை வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ச்சில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஊதா சைக்கிளைக் கழற்ற உட்கார்ந்தது நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். வலப்பக்கப் பெடல் சுலபமாக வந்துவிட்டது. இடப்பக்கத்தில் 15 எண் ஸ்பேனரைப் போட்டு, முகம் சிவக்க இழுத்தாள்.

“அங்கிள், இது ஒட்டிக்கிச்சு.”

ஒட்டவில்லை. இடப்பக்கத்து மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படி வெட்டியிருப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் எங்கள் அப்பா தன் சைக்கிளில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: ஸ்பேனரை மேலே நிமிர்த்திப் பிடி, பின்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். சொன்னேன். ஒரே தள்ளு, வந்துவிட்டது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 20 இஞ்ச் என்பதிலேயே இரண்டு அளவு உண்டு. 406 போட்ட ரிம்மில் 451 டயர் நிற்காது. பிரேக் பிடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டல் பக்கம் நெருங்கி வரும், சின்ன விரலுக்கும் எட்டும். பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை.

ஆனால் நான் முதலில் பார்ப்பது ஹேண்டல் ரப்பரைத்தான். சில வருஷத்துக்கு முன்பு நுனி கிழிந்த ரப்பரோடு ஒரு பையனுக்குச் சைக்கிள் கொடுத்துவிட்டேன். ஓட நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவன் திரும்பும்போது விழுந்து, ஹேண்டல் குழாய் வயிற்றில் குத்திவிட்டது. அவன் அம்மா சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலே ஐம்பது காசு அளவில் வட்டமாக நீலம் கன்றியிருந்தது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, உள்ளே காயமில்லை என்று அனுப்பினார்கள். அந்த வட்டம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அப்புறம் நுனி மூடாத ஹேண்டலோடு ஒரு சைக்கிளும் என் கேட்டைத் தாண்டியதில்லை. புது ரப்பரை உள்ளே கொஞ்சம் ஸ்பிரிட் தடவி மாட்டுவேன். சோப்புத் தண்ணீரில் சுலபமாக ஏறும், ஆனால் பிறகு கையோடு சுழலும். ஸ்பிரிட் காய்ந்துவிடும், ரப்பர் பிடித்துக்கொள்ளும்.

ஊதா சைக்கிள் அந்தப் பெண்ணின் தம்பிக்குப் போகிறது. செயின் புதுசு, டியூபில் இரண்டு ஒட்டு. சீட்டை முழுக்க இறக்கியிருக்கிறேன். உட்கார்ந்தால் அவன் இரண்டு பாதமும் தரையில் படுகிறது. இடப்பக்கப் பெடலை மட்டும் மாட்டாமல் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அக்காவே வந்து முறுக்குவதாகச் சொல்லியிருக்கிறாள்.