மாஜோங் தாளும் மூன்று மொழிக் குழந்தையும்

ஆங்கில ஆசிரியர் பயிற்சி என்றதும் மலேசியாவின் பினாங்கில் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாஜோங் தாள்தான். பாயளவு வெள்ளைத் தாள். குழுவாக உட்கார்ந்து, மார்க்கரால் எழுதி, சுவரில் ஒட்டி, எல்லாரும் சுற்றி வந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் 'கேலரி வாக்'. '21ஆம் நூற்றாண்டுக் கற்றல்' என்ற கற்பித்தல் முறை பள்ளிகளுக்குள் வந்த பிறகு, இந்தத் தாள் இல்லாத பட்டறையை நான் பார்த்ததில்லை.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. யுபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு இருந்தவரை ஆறாம் ஆண்டு ஆங்கில வகுப்பு என்பது பெரும்பாலும் பழைய தேர்வுத்தாள்களோடு மல்லுக்கட்டுவதுதான். 2021இல் அது ரத்தான பிறகு, பிள்ளைகளைப் பேசவைக்க உண்மையிலேயே நேரம் கிடைத்தது. அப்போது பட்டறையில் கற்ற உத்திகள் கைகொடுத்தன. பெற்றோர்தான் இன்னும், "சரி டீச்சர், மார்க் எவ்வளவு?" என்கிறார்கள்.

ஆனால் எல்லா உத்தியும் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. 'மூவர் போக ஒருவர் இருக்க' என்றொரு நடவடிக்கை உண்டு. நால்வர் குழுவில் ஒருவர் மேசையிலேயே இருந்து விளக்க, மற்ற மூவரும் அடுத்த குழுக்களிடம் போய்க் கேட்டு வர வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் வகுப்புக்கே ஏழு பேர் என்றால் என்ன செய்வது? 150 பேருக்கும் குறைவான மாணவர்களோடு நடக்கும் தமிழ்ப்பள்ளிகள் இங்கே நிறைய. முப்பது பேரை மனத்தில் வைத்துச் செய்த நடவடிக்கையை அங்கே அப்படியே இறக்க முடியாது. பயிற்சியில் இதைக் கேட்டால், "நீங்களே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த மாற்றிக்கொள்வதுதானே வேலையே!

2017இல் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டுக்கும் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவத்துக்கும் சிஇஎஃப்ஆர் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோல்தான் சிஇஎஃப்ஆர்; ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படி. ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைக்கு ஏ2, சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு சி1 என்பது இலக்கு. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி, அவர்கள் எங்களுக்குப் பயிற்சி என்று கைமாறிக் கைமாறி வந்ததில், கடைசியில் எங்கள் கைக்கு வந்தது அளவுகோலின் அட்டவணை மட்டும்தான். கூடவே ஒரு கட்டளையும் வந்தது: ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும், தமிழ் வாயில் வரக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த அளவுகோலே அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்குத் தெரிந்த மொழிகள் எல்லாம் தனித்தனி அறைகளில் கிடப்பதில்லை, ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பது 2001 ஆவணத்திலேயே இருக்கிறது. 2020இல் வந்த துணைத் தொகுதி அதை இன்னும் விரித்துச் சொல்கிறது. ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்வதைக்கூடத் திறனாகவே அது கணக்கில் எடுக்கிறது. எங்கள் பிள்ளைகள் இதைத்தான் பெற்றோரோடு கிளினிக்கிலும் சந்தையிலும் தினமும் செய்கிறார்கள்.

முதலாம் ஆண்டுப் பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் மூன்று மொழிகள் மோதுவது தெரியும். படத்தில் கோப்பை. கீழே cup என்று மூன்று ஆங்கில எழுத்து. பிள்ளை விரலை வைத்து 'சுப்' என்று வாசிக்கிறது. தப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்து வகுப்பில் மலாய் டீச்சர் அதே முதலெழுத்துக்கு 'சா, சி, சு' என்றுதான் சொல்லித்தருகிறார். மலாய்க்கும் இதே எழுத்துகள்தான்; அங்கே c என்றால் 'ச', ஆகவே மலாயில் அது சரி. கேக்கை 'சாக்கே' என்று வாசிப்பதும் மலாய்க் கணக்குப்படி மிகச் சரி. பிறகு 'கப்' என்று திருத்தினால், 'கப்பு' என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அது தமிழ் தந்த பழக்கம். நான் போன எழுத்தொலி (ஃபோனிக்ஸ்) பயிற்சிகள் எதிலும் இந்தப் பிள்ளை இல்லை. அங்கே வருவது ஆங்கில எழுத்தை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை.

எனக்கு உருப்படியான பயிற்சி கிடைத்தது ஆசிரியர் அறையில்தான். மலாய் டீச்சர் புவானும் தமிழ் வகுப்பு ஐயாவும் நானும் ஓய்வு நேரத்தில் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டே மூன்று பாடத்தின் வாராந்திரத் திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எந்த எழுத்து எந்த வாரம் வருகிறது, எங்கே முட்டிக்கொள்கிறது என்பது அப்போதே புலப்பட்டது. மலாய் ஒலிக்குச் சிவப்பு அட்டை, ஆங்கில ஒலிக்கு நீல அட்டை என்று பிரித்தோம். இரண்டு வகுப்பிலும் இதே நிறங்கள்தான். "டீச்சர், இது நீலமா சிவப்பா?" என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் தமிழிலேயே பதில் சொல்கிறேன். அப்புறம் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். என் வகுப்பில் 'சுப்' என்றவன் புவானின் வகுப்பில் தடங்கலில்லாமல் வாசித்ததைப் பார்த்த பிறகு, அவனை மெதுவாகக் கற்பவன் என்று எழுதக் கை வரவில்லை.

அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி என்று ஒரு கணக்கு உண்டு. நாங்கள் இப்படி உட்கார்ந்து பேசியதையும் அதில் சேர்த்துவிடலாம் என்றார் ஐயா. பயிற்சிப் பதிவுப் படிவத்தை எடுத்து வைத்தோம். எந்தப் பாடம் என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். புவான் பேனாவை வாங்கி, 'மற்றவை' என்று எழுதினார்.