நான்கு மாதம் நான் பார்த்த 144

கம்ப்யூட்டரில் விளையாட ஆசைப்படுபவனுக்கு, விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே இன்னொரு விளையாட்டு இருக்கிறது. திரைக்குப் படம் வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டில் எதை வாங்குவது என்பதுதான் அது. நான் அதை மூன்று மாதம் ஆடினேன்.

பழைய கார்டில் புது விளையாட்டுகள் நொடிக்கு 40 பிரேம், அதாவது 40 படம் என்ற கணக்கில் முக்கி முனகிக்கொண்டு ஓடின. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றுவோம் என்றுதான் ஆரம்பித்தேன். பார்த்தால், என்னிடம் இருந்த 450 வாட் பவர் சப்ளை அதற்குப் போதாது. சரி, அதையும் மாற்றலாம். அதை மாற்ற எல்லா வயரையும் பிடுங்க வேண்டும். பிடுங்கியபின், ஏழு வருடம் உழைத்த பிராசசரைத் திரும்பவும் அதே இடத்தில் உட்கார வைக்க மனசு வரவில்லை. பிராசசர் மாறினால் மதர்போர்டு மாறும், மதர்போர்டு மாறினால் ராம் மாறும். கடைசியில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மிஞ்சியவை ஒரு ஹார்டு டிஸ்க், கேபினட், அதற்குள் இருந்த தூசி.

ராமின் வேகம் 3200ஆ, 3600ஆ என்பதற்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது. ஒரே விளையாட்டை அருகருகே ஓட்டிக் காட்டும் சோதனை வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் 118 பிரேம், அந்தப் பக்கம் 121. அந்த மூன்று பிரேமுக்காக நான் தூக்கம் கெட்ட இரவுகள் உண்டு. ஒருவழியாக 3200 போதும் என்று முடிவு செய்தபோது, வாழ்க்கையில் ஏதோ பெரிய தியாகம் செய்த உணர்வு வந்தது.

இவ்வளவு அலசியவன் ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கவில்லை. கார்டின் நீளம். அதற்கு வீடியோ எதுவும் தேவையில்லை, ஸ்கேல் போதும். கேபினட்டின் முன்பக்கத்து ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றிய பிறகுதான் கார்டு உள்ளே போனது. ஹார்டு டிஸ்க் இன்றுவரை கேபினட்டின் தரையில் படுத்திருக்கிறது.

இத்தனைக்கும் மகுடமாக, நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வந்தது. அதன் பெட்டிக்குள் ஏதோ ஒரு கேபிள், பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. பழைய எச்டிஎம்ஐ கேபிள் மேசைக்குப் பின்னால் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்ததால் அதையே சொருகினேன். புதுக் கேபிளை இழுப்பறையில் பத்திரப்படுத்தினேன். பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறேன் என்ற பெருமிதம் வேறு.

முதல் நாள் விளையாடியதும் சொக்கிப் போனேன். திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கை 140, 143 என்று பச்சை எழுத்தில் மின்னியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"60இல் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிசெகண்ட் ஆகும். 144இல் 6.9தான். கண்ணுக்கே தெரிகிறது பார்!"

"மிச்சமாகிற பத்து மில்லிசெகண்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாரையும் நான் விடவில்லை. "மனிதக் கண்ணுக்கு 24 பிரேமுக்கு மேல் தெரியாதாமே" என்று ஒருவர் சொன்னபோது, அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து அக்கா பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிறான், அதிகம் பேசமாட்டான். மவுஸைப் பிடித்துத் திரையில் இரண்டு வட்டம் போட்டான்.

"மாமா, இது 60 மாதிரி இருக்கே."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அமைப்புகளுக்குள் போய், டிஸ்ப்ளே, மேம்பட்ட டிஸ்ப்ளே என்று இறங்கினான். ரெஃப்ரெஷ் ரேட்: 60 ஹெர்ட்ஸ். பட்டியலைத் திறந்தான். அதில் 144 என்ற எண்ணே இல்லை.

"எந்தக் கேபிள் போட்டீங்க?"

இழுப்பறையைத் திறந்தேன்.

என் மானிட்டரில் இருந்த எச்டிஎம்ஐ அந்த ரெசல்யூஷனில் 144 வரை போகாதாம். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை இணைப்பு வழியாக வர வேண்டும், இழுப்பறையில் தூங்கியது அந்தக் கேபிள்தான். கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கேபிளை மாற்றிய பிறகும் விண்டோஸ் பிடிவாதமாக 60இலேயே நின்றது. பட்டியலில் புதிதாக வந்திருந்த 144ஐ நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

"அப்ப மூலையில 140ன்னு காட்டிச்சே?" என்று கடைசியாக ஒரு முறை வாதாடிப் பார்த்தேன். அது கார்டு வரைந்து தள்ளுகிற பிரேம்களின் கணக்கு, மானிட்டர் காட்டுகிற கணக்கு அல்ல என்றான். கார்டு பாவம், நொடிக்கு 140 படம் வரைந்து கொடுத்திருக்கிறது. பாதிக்கு மேல் வீண். வேகமாகத் திரும்பும்போது திரையின் நடுவே படம் குறுக்காகக் கிழிந்ததுபோல் தெரியுமே, அதுகூட இந்தப் பொருத்தமின்மையின் வேலைதான். நான் அதை அதிவேகத்தின் அறிகுறி என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள் மனைவி.

மானத்தைக் காப்பாற்ற ஒரு பரீட்சைக்கு ஒப்புக்கொண்டேன். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவன் 60ஓ 144ஓ வைப்பான், மவுஸை அசைத்துப் பார்த்து நான் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து! 144 உண்மையிலேயே வேறு உலகம். இதைத்தான் நான்கு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன், என்ன, பார்க்காமல் சொன்னேன். உற்சாகத்தில் 120க்கும் 144க்கும் கூட வித்தியாசம் சொல்கிறேன் என்று சவால் விட்டேன். பத்துக்கு நான்கு. நாணயத்தைச் சுண்டியிருந்தால் ஐந்தாவது வந்திருக்கும்.

கணக்குப்படி அது நியாயம்தான். 30இலிருந்து 60க்குப் போனால் பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் குறைகிறது. 60இலிருந்து 144க்குப் போனால் பத்துக்கும் சற்றுக் குறைவு. 120இலிருந்து 144க்கு ஒன்றரை கூடத் தேறாது. மேலே ஏற ஏற எண்தான் பெரிதாகிறது.

அன்று இரவு எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தோம். டிவியில், படத்தில் இல்லாத பிரேம்களை இட்டு நிரப்பி வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டல்லவா? போகிற வீட்டிலெல்லாம் ரிமோட்டை வாங்கி அதை அணைக்கும் வழக்கம் எனக்கு. அது இருந்தால் சினிமா, டிவி நாடகம்போல் ஆகிவிடும். அன்றும் அணைத்தேன்.

"விளையாட்டுக்கு 144 வேணும், சினிமாவுக்கு 24 போதுமா?" என்றாள் மனைவி. நல்ல கேள்வி. பேசாத படங்களின் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920களின் கடைசியில் படம் பேசத் தொடங்கியதும் ஒலி பிசகாமல் இருக்க ஒரே வேகம் தேவைப்பட்டது, 24 நிலைத்தது. வழக்கமாக ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் 48இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கும். அதற்குள் அசைந்தது லேசாகக் கலங்கிப் பதிவாகும், அந்தக் கலங்கல் கண்ணுக்கு ஓட்டமாகத் தெரியும். விளையாட்டின் பிரேம்கள் பெரும்பாலும் கூர்மையானவை, குறைந்தால் தடதடக்கும். போதாததற்கு, அங்கே நம் கை பதிலுக்குக் காத்திருக்கிறது. சினிமாவில் யாரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அக்கா பையன் மெல்லக் கேட்டான்: "60இல் 24 சரியா வகுபடாதே மாமா, ஒரு பிரேம் மூணு தடவை, அடுத்தது ரெண்டு தடவைன்னு மாறி மாறி வரும். கம்ப்யூட்டர்ல படம் பார்க்கும்போது தெரியலையா?"

தெரிந்தது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளிலெல்லாம் படம் விக்கியது. ஒளிப்பதிவாளருக்குக் கை நடுக்கம் என்று நான்கு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். 144இல் 24 ஆறு முறை அழகாக அடங்குகிறது. அந்தக் காட்சிகளை இப்போது பார்த்தால் நடுக்கமே இல்லை.

கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டான்: "ராமுக்கு எக்ஸ்எம்பி போட்டுட்டீங்கல்ல?"

ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்க, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் நாமே போட வேண்டிய அமைப்பு அது. "அதெல்லாம் முதல் நாளே" என்றேன்.

அவன் தெருமுனை தாண்டியதும் பயாஸைத் திறந்தேன். 3200 ராம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு விளையாட்டைத் திறந்தேன். ஆகா, வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.