முடிச்சூரிலிருந்து பார்த்தால் அடையாறு

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் 2015 சென்னை வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து இலைக்காரர் சைதாப்பேட்டை. "எல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தானே சார்" என்றார். அவர் ஊருக்கு அது பொருந்தும், டிசம்பர் 1 ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஆனால் நான் தாம்பரத்துக்குப் பக்கத்து முடிச்சூர்க்காரன். செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் கலப்பது எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். எங்கள் மாடிப்படியில் ஏறியது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஒரத்தூர் என்று மேலே இருக்கிற ஏரிகளின் தண்ணீர். அன்றைக்குத் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, அது வேறு.

அந்த ஏரிகள் சங்கிலி மாதிரி. ஒன்று நிரம்பினால் கலங்கல் தாண்டி அடுத்ததுக்குப் போகும், கடைசியில்தான் ஆறு. நடுவில் இருந்த வயல்கள் நாலு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். வயல் மனையானதும் மதகைத் தேட ஆளில்லை, ஏரி நிரம்புவதே ஏரிக்குக் கீழே வீடு கட்டியவர்களுக்குப் பயமாகிவிட்டது.

இதில் மாவட்டக் கணக்கு வேறு. 2019-இல் காஞ்சிபுரத்தைப் பிரித்தபோது நாங்கள் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம், எதிர்க்கரை வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. கீழே போனால் தாம்பரம் மாநகராட்சி, அப்புறம் சென்னை மாநகராட்சி. ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் மழைநீர் வடிகால் போட்டு, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆற்றில் தள்ளுகிறார்கள். இந்தக் கரையை உயர்த்தினால் அந்தக் கரை மூழ்கும். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள், அதனால் ஏரியும் ஆறும் முகத்துவாரமும் காகிதத்திலாவது ஒரே எல்லைக்குள் இருக்கின்றன. சரி, நல்லது. ஆனால் எனக்குப் புரியாத கணக்கு ஒன்று உண்டு. ஆதனூர் பக்கம் ஒரு விவசாயி தன் நிலத்தை மனையாக விற்காமல், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்க விட்டால், கீழே சைதாப்பேட்டையில் ஒரு தெருவாவது தப்பும். அதற்கு அவருக்குப் பணம் தருவது யார்? சைதாப்பேட்டைக்காரர் தன் வீட்டு வரியில் தருவாரா? மாவட்டங்கள் ஒன்றாக உட்கார்ந்து முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்பேன். ஆற்றோரம் நடைபாதையும் பூங்காவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிதாகப் பேசுகிறேன், என் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதில் 'நஞ்சை' என்றுதான் இருக்கிறது. மனை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளத்துக்கு அப்புறம் வீட்டை ஜாக்கி போட்டு நாலடி தூக்கினேன். இப்போது என் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டு அண்ணன் வாசலுக்குப் போகிறது. அவரும் தை பிறந்ததும் வீட்டைத் தூக்கப் போகிறாராம். ஐந்தடி.