பிரஸ்டனில் டீ வேண்டாம் என்று சொல்வது

இங்கிலாந்தில் இருக்கும் பிரஸ்டனுக்கு எங்கள் சபையின் ஊழியத்துக்காக வந்த புதிதில், நானும் என்னோடு ஜோடியாக ஊழியம் செய்யும் பெண்ணும் டிசம்பர் மழையில் தெருத் தெருவாகக் கதவு தட்டிக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் "நோ தேங்க்யூ, லவ்" என்று பதமாகச் சொல்லிவிட்டு மூடினார்கள். கடைசியில் ஒரு பாட்டி எங்கள் நனைந்த கோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். நாங்கள் உட்காரும் முன்பே கெட்டிலைப் போட்டுவிட்டார். "மன்னிக்கணும், நாங்கள் டீயும் குடிப்பதில்லை, காபியும் குடிப்பதில்லை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று சொன்னபோதுகூட அந்த முகம் மாறவில்லை. டீ வேண்டாம் என்றதற்கு வாடியது.

அந்த முகம் எனக்குப் பழக்கமானது. கோயம்புத்தூரில், என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் பார்த்த முகம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மார்மன் என்று வெளியே சொல்வார்களே, அந்தச் சபைதான். எங்கள் சபையில் மதுவும் புகையிலையும் கூடாது, டீ காபியும் கூடாது. ஞான வார்த்தை என்று அதைச் சொல்வோம். 1833-இல், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடு. நாங்கள் சாமியை மாற்றிக்கொண்டதை அமுச்சி எப்படியோ ஏற்றுக்கொண்டார். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று விட்டுவிட்டார். காபியை மறுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏங் கண்ணு, எங்கையில ஒரு வாய் காப்பி கூடவா ஆகாது?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அப்போது எனக்கு வயது போதவில்லை.

அப்புறம் ஒரு நாள், யாரும் கேட்காமலே, சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்து, அதே டம்ளரில் கொண்டுவந்து நீட்டினார். "இதுல காப்பித்தூளு இல்ல. குடிக்கலாமுல்ல?" அன்றிலிருந்து எங்களுக்கென்று அவர் வீட்டில் தனிப் பாத்திரம் ஒன்று உண்டு. எங்கள் விசுவாசத்தை அவர் ஏற்கவில்லை, ஆனால் அதற்காக அடுப்பில் இடம் ஒதுக்கினார். இதைவிடப் பெரிய மரியாதையை நான் இன்னும் எங்கும் பார்க்கவில்லை.

சரி, பிரஸ்டனுக்கு வருவோம். என்னைப் போன்றவர்களுக்கு இது சாதாரண ஊர் இல்லை. எங்கள் சபையின் ஊழியக்காரர்கள் முதன்முதலாகக் கடல் தாண்டி வந்தது இங்கேதான். 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல் தலைமையில் ஏழு பேர் லிவர்பூலில் இறங்கி, இந்த ஊருக்கு வந்தார்கள். ஜூலை 30 அன்று ரிப்பிள் நதியில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முதலில் எடுப்பது யார் என்று இரண்டு ஆண்கள் ஆற்றுக்கு ஓட்டப்பந்தயமே வைத்தார்களாம். ஜார்ஜ் வாட் ஜெயித்தார். அந்த நதி ஏவனம் பூங்காவை ஒட்டி இன்றும் ஓடுகிறது. திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். துணி துவைத்து, சாமான் வாங்கி முடித்தால் நானும் என் கம்பேனியனும், அதாவது என் ஊழிய ஜோடியும், அங்கே போய் நடப்போம். ஒரு கதவும் திறக்காத வாரங்களில், ஆற்றை நோக்கி ஓடிய அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். மனசு நிமிர்ந்துவிடும். பக்கத்து ஊரான சோர்லியில் 1998-இல் திறந்த எங்கள் ஆலயமும் இருக்கிறது.

என் கம்பேனியன் டோங்கா தீவுக்காரி. விதிப்படி இருவரும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை தனியே ஒரு கடைக்குக்கூடப் போக முடியாது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை. சமைக்கும்போது அவள் பாடுவாள், நான் கூடவே பாடுவேன்.

ஊழியக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர்தான் போட வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரையே போட்டுவிட்டார்கள். பெண் ஊழியக்காரர்களை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரஸ்டன் முழுக்க நான் "சிஸ்டர் ரங்கசாமி". பேருந்து ஓட்டுநர் வாய் நிறைய அப்படிக் கூப்பிடும்போது, அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். வீடியோவில் இதைச் சொன்னேன். அப்பா வெகுநேரம் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முன்பெல்லாம் ஊழியக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் போன் பேசலாம். 2019-இல் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். அந்த மாற்றம் இல்லாமல் இந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. அமுச்சி போனை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு வாராவாரம் கேட்பது ஒன்றுதான்: "அங்க யாராச்சும் குடிக்க ஏதாச்சும் குடுக்கறாங்களா?"

கொடுக்கிறார்கள். அதுதான் இந்த ஊரைப் பற்றி நான் உரக்கச் சொல்ல விரும்பும் விஷயம். குஜராத்திக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர் இது. அப்படி ஒரு வீட்டு அம்மா மசாலா டீ போடப் போனார். வேண்டாம் என்று காரணம் சொன்னதும், "எங்கள் வீட்டிலும் விரதம் உண்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, இஞ்சியும் துளசியும் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். விளக்கமே தேவைப்படவில்லை. அதைக் குடிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று இரவு ஜெபத்தில் அந்த அம்மாவையும் அமுச்சியையும் சேர்த்தே சொன்னேன்.

முதலில் சொன்ன பாட்டி வீட்டுக்கு மறுபடியும் போனோம். வாசலிலேயே, "உங்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன்" என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது, ஜலதோஷம் வந்தால் அம்மா விம்டோவில் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பாராம். விம்டோ 1908-இல் பக்கத்து மான்செஸ்டரில் பிறந்த பானம். பழச்சாறும் மசாலாவும் கலந்த, கருஞ்சிவப்பான, ஆவி பறக்கும் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருடைய அம்மாவைப் பற்றி நிறையப் பேசினோம். வேதத்தை அன்று திறக்கவே இல்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இப்போது பிரஸ்டன் பழகிவிட்டது. மழை பழகிவிட்டது, பேருந்து எண்கள் மனப்பாடம், "லவ்" என்று கூப்பிட்டால் இயல்பாகத் திரும்புகிறேன். ஆனாலும் எங்கோ கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டால் மல்லி வாசனைக்காக மூக்கு தேடுகிறது. அமுச்சிக்கு வயதாகிறது. சிஸ்டர்களின் ஊழியம் ஒன்றரை வருஷம். அதுவரை அவர் திடமாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் தனி ஜெபம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் செய்தி வரும். இந்த முறை என் பெயர் இருக்கலாம் என்கிறார்கள். அடுத்து வரும் சிஸ்டர்களுக்குக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். எந்தத் தெருவில் நாய் இருக்கிறது, யார் பகலில் தூங்குவார்கள் என்பதெல்லாம் போட்டாயிற்று. பாட்டியின் பெயருக்கு எதிரே, சூடான விம்டோ கொடுப்பார், கட்டாயம் வாங்கிக் குடியுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.